ரிப்போர்ட்டுகளைத் தரையில் பரப்பி வையுங்கள்

போன மாதம் ஒரு ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் எதிர்வீட்டு அக்கா ஒரு பிளாஸ்டிக் கவரோடு வந்தார். உள்ளே ரேஷன் கார்டு ஜெராக்ஸ், சமையல் கேஸ் புத்தகம், இரண்டுக்கும் நடுவில் மடித்து மடித்து விளிம்பு கிழிந்த மூன்று லேப் ரிப்போர்ட்டுகள். "மூணு வாட்டியும் சரியில்லன்னு வந்துட்டுது மா. மூணாவது வாட்டின்னா முத்திப் போச்சுன்னுதானே அர்த்தம்?" என்றார். குரல் கேட்கவே இல்லை. கர்ப்பப்பை விஷயம் என்றால் எங்கள் தண்டையார்பேட்டையில் இன்னமும் இந்தக் குரலில்தான் பேசுவார்கள்.

நான் டாக்டர் இல்லை. பாரிமுனையில் ஒரு கிளியரிங் ஏஜென்சியில் பதினேழு வருஷமாகக் காகிதம் பார்க்கிறவள். துறைமுகத்தில் ஒரு சரக்கை நிறுத்தி வைத்தால், நாங்கள் முதலில் இன்வாய்ஸ், பேக்கிங் லிஸ்ட், பில் ஆஃப் என்ட்ரி எல்லாவற்றையும் தேதிப்படி அடுக்கிப் பார்ப்போம். எங்கே எது இடிக்கிறது என்று அப்போதுதான் தெரியும். 2019-லிருந்து எனக்கும் பாப் ஸ்மியர் (கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய் வருமா என்று பார்க்கும் சோதனை) சரியில்லை, சரியில்லை என்றே வந்துகொண்டிருந்தது. முதல் இரண்டு ரிப்போர்ட்டையும் தனித்தனியாகப் படித்துத் தனித்தனியாக அழுதேன். அப்புறம்தான் ஆபீஸ் புத்தி வந்தது.

அக்காவிடமும் அதைத்தான் சொன்னேன்: "கீழே உட்காருங்க. மூணையும் தேதிப்படி பரப்புவோம்."

முதலில் வரிசை

ஒரு நீள நோட்டில் நாலு கட்டம் போடுங்கள். தேதி, என்ன டெஸ்ட், என்ன வந்தது, அதற்கு என்ன செய்தார்கள். கடைசிக் கட்டம்தான் பலருக்கும் காலியாக இருக்கும், எனக்கும் இருந்தது. மார்ச் 2019-இல் ஆபீஸ் ஹெல்த் செக்கப்பில் எடுத்த ஸ்மியரில் 'ஆஸ்கஸ்' என்று வந்தது (என்னவென்று பின்னால் சொல்கிறேன்). மாத்திரை கொடுத்தார்கள், மூன்று மாதம் கழித்து வரச் சொன்னார்கள், நான் போகவில்லை. அடுத்த வருஷம் கொரோனா. செப்டம்பர் 2021-இல்தான் மறுபடி எடுத்தேன். ஆகவே 'இரண்டாவது முறையும்' என்று நான் பயந்ததற்கு நடுவில் இரண்டரை வருஷம் சும்மா கிடந்திருக்கிறது.

'என்ன டெஸ்ட்' என்ற கட்டத்தில் கவனம் வேண்டும். கர்ப்பப்பை வாய்க்கு மூன்று விதமான சோதனை நடக்கிறது. மூன்றையும் வீட்டில் 'கேன்சர் டெஸ்ட்' என்று ஒரே பெயரில் சொல்லிவிடுகிறோம். ஒன்று, நகர்ப்புற ஆரம்ப சுகாதார நிலையத்தில் செய்வது: புளிக்காடியின் அமிலத்தை நீர்த்துத் தொட்டு வைத்து, வெள்ளையாக மாறுகிறதா என்று வெறும் கண்ணால் பார்ப்பார்கள். வியா என்பார்கள். இரண்டு, பாப் ஸ்மியர்: செல்களைச் சுரண்டி எடுத்து மைக்ராஸ்கோப்பில் பார்ப்பது. மூன்று, ஹெச்.பி.வி. டெஸ்ட்: செல் எப்படி இருக்கிறது என்று பார்க்காது, இந்தப் புற்றுநோயை உண்டாக்கும் ஹெச்.பி.வி. வைரஸ் இருக்கிறதா என்று மட்டும் பார்க்கும். வியா பாசிட்டிவ் ஒன்று, ஸ்மியர் கோளாறு ஒன்று, ஹெச்.பி.வி. பாசிட்டிவ் ஒன்று என்று இருந்தால் அது மூன்று முறை ஒரே தப்பு அல்ல. மூன்று பேர் மூன்று ஜன்னல் வழியாக ஒரே அறையைப் பார்த்த மாதிரி.

வியாவை இழிவாகப் பேச வேண்டாம். நம் திண்டுக்கல் மாவட்டத்தில் கிராமத்துப் பெண்களை வைத்து நடத்திய ஆய்வு 2007-இல் லான்செட் மருத்துவ இதழில் வெளிவந்தது. ஒரே ஒரு முறை வியா பார்த்து, வேண்டியவர்களுக்கு வைத்தியம் செய்ததிலேயே அந்தப் பக்கம் கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோய்ச் சாவு 35 சதவீதம் குறைந்தது. ஆனால் மாதவிலக்கு நின்றவர்களுக்கு வியா அவ்வளவு உதவாது. பார்க்க வேண்டிய இடம் வயதாக ஆக உள்ளே நகர்ந்துவிடும்.

எழுத்துகளைப் படிப்பது

ஸ்மியர் ரிப்போர்ட்டின் அடியில் 'பெதஸ்தா முறைப்படி' என்று போட்டிருக்கும். அது 1988-இல் செய்த பொது ஏற்பாடு. எந்த ஊர் லேபும் ஒரே பெயர்களை வைக்கட்டும் என்று. அதில் உள்ள பெயர்களை டாக்டர்கள் வாயில் வருகிற மாதிரியே சொல்கிறேன்.

'நில்ம்' என்றால் கோளாறு இல்லை. பக்கத்தில் 'இன்ஃப்ளமேஷன்' என்று இருந்தாலும் இல்லைதான், அது அழற்சி. இந்த ஒரு வார்த்தையைப் பார்த்தே பாதிப் பேர் 'அப்நார்மல்' என்று எழுதி வைத்துக்கொள்கிறார்கள்.

'ஆஸ்கஸ்' என்றால் செல் கொஞ்சம் மாறித் தெரிகிறது, என்னவென்று அறுதியிட்டுச் சொல்ல முடியவில்லை. சந்தேகத்தின் பலன் யாருக்கும் கொடுக்காமல் கோப்பைத் திறந்து வைத்திருப்பது போல. ஸ்மியரில் மிக அதிகமாக வருகிற கோளாறு இதுதான். இதோடு ஹெச்.பி.வி. இல்லை என்று வந்தால் பெரும்பாலும் அடுத்த முறை வரை காத்திருந்தாலே போதும். வைரஸ் இருந்தால் உள்ளே பார்க்க வேண்டும்.

'எல்சில்' என்றால் லேசான மாற்றம். வைரஸ் இப்போது வேலை செய்துகொண்டிருக்கிறது என்பதன் அடையாளம். பலருக்கும் தானாகவே போய்விடும்.

'ஆஸ்க்-ஹெச்', 'ஹெச்சில்' இரண்டும் வேறு ரகம். ஒன்று, பெரிய மாற்றம் இருக்கலாம் என்ற சந்தேகம். மற்றது, பெரிய மாற்றம் இருக்கிறது என்பது. இரண்டிலும் மாத்திரை சாப்பிட்டுவிட்டு ஆறு மாதம் கழித்துப் பார்ப்போம் என்ற பேச்சே கிடையாது, கோல்போஸ்கோப்பிக்கு, அதாவது கர்ப்பப்பை வாயைப் பெரிதாக்கிப் பார்க்கும் சோதனைக்கு, போக வேண்டும். அப்போதும் இது புற்றுநோய் என்று அர்த்தம் இல்லை.

'ஏ.ஜி.சி.' அபூர்வம். உள்பக்கச் சுரப்பிச் செல்களில் மாற்றம். இது வந்தால் கர்ப்பப்பை வாயோடு நிறுத்தாமல் உள்ளேயும் பார்ப்பார்கள். 35 வயதுக்கு மேலே என்றால் கர்ப்பப்பையின் உட்சுவரிலிருந்தும் ஒரு துணுக்கு எடுப்பார்கள். ஏன் இவ்வளவு செய்கிறார்கள் என்று சண்டை போட வேண்டாம்.

'அன்சாட்டிஸ்ஃபேக்டரி' என்றால் நமக்கு ஒன்றும் ஆகவில்லை, மாதிரி சரியில்லை. செல் போதவில்லை, ரத்தம் கலந்துவிட்டது, சளி மறைத்துவிட்டது. இரண்டிலிருந்து நாலு மாதத்துக்குள் திரும்ப எடுக்க வேண்டும். அடுத்த வாரமே போய் எடுக்காதீர்கள், சுரண்டிய இடத்தில் செல் திரும்ப வளர வேண்டும்.

இதெல்லாம் ஸ்மியர். பயாப்சி (துணுக்கு எடுத்துப் பார்ப்பது) ரிப்போர்ட்டில் வருவது 'சின்' கணக்கு: சின் ஒன்று, இரண்டு, மூன்று. எங்கள் தெருவில் தரைத்தள வீட்டுச் சுவரைப் பார்த்தவர்களுக்கு இது சுலபமாகப் புரியும். ஓதம் கீழேயிருந்து ஏறும். கர்ப்பப்பை வாயின் மேல்தோலிலும் மாறிய செல்கள் அடியிலிருந்து ஏறும். மூன்றில் ஒரு பங்கு ஏறியிருந்தால் சின் ஒன்று. மூன்றில் இரண்டு பங்கு என்றால் இரண்டு. அதற்கும் மேலே, உச்சிவரை என்றால் மூன்று. மூன்றிலும் அது சுவரைத் தாண்டவில்லை. அடியில் ஒரு மெல்லிய சவ்வு இருக்கிறது. அதை உடைத்துக் கீழே இறங்கினால்தான் அதன் பெயர் புற்றுநோய். 'சின் மூன்று' என்று படித்துவிட்டு 'மூணாவது ஸ்டேஜ்' என்று உறவுக்காரர்களுக்கெல்லாம் போன் போட்ட வீட்டை எனக்குத் தெரியும். ஸ்டேஜ் கணக்கு வேறு, சின் கணக்கு வேறு.

திரும்பத் திரும்ப ஏன்

என்னுடைய நோட்டைக் காட்டுகிறேன். 2019 ஆஸ்கஸ். 2021 எல்சில், பயாப்சியில் சின் ஒன்று. 2022 ஸ்மியர் சுத்தம், நில்ம். 2023 ஆஸ்க்-ஹெச்.

ஏறுகிறது, இறங்குகிறது, மறுபடி ஏறுகிறது. 2022-இல் நில்ம் வந்த அன்று தேரடி வரைக்கும் மெட்ரோவில் போய் வடிவுடையம்மனுக்குப் புடவை சாத்திவிட்டு வந்தேன். அடுத்த வருஷமே ஆஸ்க்-ஹெச்.

ஆனால் அதே நோட்டில் ஹெச்.பி.வி.க்கு என்று ஒரு கட்டம் தனியாகப் போட்டிருந்தேன். 2022-இல் 'டிடெக்டட்', அதாவது வைரஸ் இருக்கிறது. 2023-இல் 'டிடெக்டட்'. அந்தக் கட்டம் ஏறவும் இல்லை, இறங்கவும் இல்லை. விஷயம் அங்கேதான் இருந்தது. ஸ்மியர் என்பது அன்றைக்கு அந்தக் குச்சி எங்கே பட்டது, எவ்வளவு செல் ஒட்டியது, யார் கண் பார்த்தது என்பதையெல்லாம் பொறுத்து ஆடும். அதே கண்ணாடித் துண்டை இரண்டு பேர் பார்த்தால் ஒருவர் ஆஸ்கஸ் என்பார், இன்னொருவர் எல்சில் என்பார். நடுவில் ஒரு நில்ம் வந்துவிட்டால் முந்தின வரிசை அழிந்துவிடாது. அதனால் 'மோசமாகிக்கொண்டே போகிறதா?' என்ற கேள்வியை ஸ்மியரிடம் மட்டும் கேட்காதீர்கள். 'வைரஸ் தங்கியிருக்கிறதா, எத்தனை வருஷமாக?' என்று கேளுங்கள்.

ஹெச்.பி.வி. கிட்டத்தட்ட எல்லாருக்கும் வாழ்நாளில் எப்போதாவது வந்துவிட்டுப் போகிற கிருமி. பெரும்பாலானவர்களுக்கு ஒன்றிரண்டு வருஷத்தில் உடம்பே துரத்திவிடும். துரத்த முடியாமல் வருஷக்கணக்கில் தங்குகிறவர்களில் சிலருக்குத்தான் செல் மாறுகிறது. அது புற்றுநோயாக வளர, எதிர்ப்புச் சக்தி சரியாக இருக்கிற பெண்ணுக்குப் பொதுவாக 15, 20 வருஷம் பிடிக்கும் என்கிறது உலக சுகாதார நிறுவனம். எச்.ஐ.வி. உள்ளவர்களுக்கு, சிகிச்சை இல்லாவிட்டால், 5 முதல் 10 வருஷம். ஆகவே டாக்டர் எச்.ஐ.வி. டெஸ்ட் எழுதிக் கொடுத்தால் கோபித்துக்கொண்டு எழுந்து வராதீர்கள். வேறு ஏதாவது நோய்க்கு ஸ்டீராய்டு சாப்பிடுகிறீர்கள், கிட்னி மாற்று ஆபரேஷன் ஆகியிருக்கிறது என்றால் கேட்காவிட்டாலும் சொல்லுங்கள். புகைப் பழக்கம் இருந்தால் அதையும் சொல்லிவிடுங்கள். அது வைரஸைத் தங்க வைக்கும்.

ஹெச்.பி.வி. ரிப்போர்ட்டில் ஒரு நுணுக்கம். 16, 18 என்ற இரண்டு எண்களைத் தனியாகப் போடுவார்கள், மீதியை 'அதர் ஹை ரிஸ்க்' என்று ஒரே வரியில் மூட்டை கட்டிவிடுவார்கள். கர்ப்பப்பை வாய்ப் புற்றுநோயில் பத்துக்கு ஏழு அந்த 16, 18 இரண்டாலும் வருகிறது. அதனால் 16 அல்லது 18 வந்தால் ஸ்மியர் சுத்தமாக இருந்தாலும் கோல்போஸ்கோப்பி. எனக்கு வந்தது 'அதர்'. அப்படி வந்து ஸ்மியரும் நன்றாக இருந்தால் வழக்கமாக ஒரு வருஷம் கழித்துப் பார்க்கச் சொல்வார்கள். இரண்டாம் முறையும் வைரஸ் இருந்தால் உள்ளே பார்த்தே ஆக வேண்டும். எனக்கு முன்பே சின் ஒன்று இருந்ததால் 2022-இலேயே பார்த்துவிட்டார்கள். அப்போது புதிதாக ஒன்றும் இல்லை. மூட்டை கட்டிப் போடுவதால் இரண்டு வருஷமும் வந்தது ஒரே வைரஸா, ஒன்று போய் இன்னொன்று வந்ததா என்று அந்தக் காகிதத்தை வைத்துச் சொல்ல முடியாது. எந்த எண் என்று தனித்தனியாகச் சொல்லும் டெஸ்டும் உண்டு, தேவையா என்று கேட்டுப் பாருங்கள்.

இப்போது அக்காவின் வரிசைக்கு வருவோம். அவருக்கு 56 வயது, மாதவிலக்கு நின்று ஏழெட்டு வருஷம். முதல் ரிப்போர்ட்: நில்ம், அழற்சி. இரண்டாவது: அன்சாட்டிஸ்ஃபேக்டரி, செல் போதவில்லை. மூன்றாவது: ஆஸ்கஸ், கூடவே 'அட்ராஃபி' என்று ஒரு வார்த்தை. பரப்பி வைத்துப் பார்த்தால் மூன்று முறை கெட்டது என்பதே பொய். முதலாவதில் கோளாறு இல்லை, இரண்டாவது டெஸ்டே ஆகவில்லை, மூன்றாவது ஒன்றுதான் கேள்வி. ஈஸ்ட்ரோஜன் குறைந்தால் அந்த இடத்துத் தோல் மெலிந்து காய்ந்துவிடும், செல்கள் பார்வைக்கு விகாரமாகத் தெரியும். அட்ராஃபி என்பது அதுதான். இதற்கு டாக்டர் சில வாரம் உள்ளே வைக்க ஈஸ்ட்ரோஜன் க்ரீம் கொடுத்துவிட்டுத் திரும்ப ஸ்மியர் எடுப்பதுண்டு. (மார்பகப் புற்றுநோய் வந்தவர்கள் அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.) கூடவே ஹெச்.பி.வி. பார்த்துவிட்டால் பாதிக் குழப்பம் தீரும். நோட்டில் எழுதி, "இத அப்படியே டாக்டர்கிட்ட நீட்டுங்க" என்று கொடுத்தனுப்பினேன்.

டெஸ்டுக்கு முன்னால் நாம் செய்கிற தப்பும் வரிசையைக் கெடுக்கும். இரண்டு நாள் முன்பிருந்து உடலுறவு கூடாது, உள்ளே வைக்கும் மாத்திரை, க்ரீம் கூடாது, உள்ளே கழுவக் கூடாது. மாதவிலக்கு நாளில் போகக் கூடாது. ஆரம்பித்து பத்து நாளுக்கு அப்புறம் தோதான சமயம். கடையில் விற்கிற அந்தரங்க வாஷ் புட்டிகளைப் பற்றி எனக்கு நல்ல வார்த்தையே வராது. அந்த இடம் தன்னைத் தானே கழுவிக்கொள்ளும், விட்டுவிடுங்கள்.

கோல்போஸ்கோப்பி அன்று

பேர்தான் பயமுறுத்தும். அந்தக் கருவியை உள்ளே விட்டுத் துழாவுவதில்லை. காலடியில் ஒரு பூதக்கண்ணாடி நிற்கும், அவ்வளவுதான். 1925-இல் ஜெர்மனியில் ஹின்செல்மன் என்ற டாக்டர் கண்டுபிடித்தது. பாப் ஸ்மியர் மாதிரியே, உள்ளே விரித்துப் பிடிக்கும் ஸ்பெகுலம் வைப்பார்கள். உலோகம், சில்லென்று இருக்கும். மூச்சை இழுத்துப் பிடித்தால் தசை இறுகி வலி கூடும். எனக்கு அங்கிருந்த சிஸ்டர், "வாயத் திறந்து ஊது மா, வெந்நீரை ஆத்துற மாதிரி" என்றார். அந்த ஒரு வார்த்தைக்காக அவருக்கு இன்னும் நன்றி சொல்லிக்கொண்டிருக்கிறேன்.

2023-இல் மானிட்டர் என் பக்கம் திரும்பியிருந்தது. பார்க்கலாமா என்று கேட்டேன், பாருங்கள் என்றார் டாக்டர். இளஞ்சிவப்பாக, நடுவில் ஒரு சின்ன வாய், உள்ளே பணியாரம் மாதிரி. அமிலம் நனைத்த பஞ்சை வைத்தார், லேசான எரிச்சல். ஒரு நிமிஷம் காத்திருக்க வேண்டும். அந்த ஒரு நிமிஷத்தில், கடிகாரத்தில் பன்னிரண்டு மணி நிற்கிற இடத்தில், தோசைக்கல்லில் மாவு வெள்ளையாகப் படிகிற மாதிரி ஒரு திட்டு மெல்ல எழுந்தது. அதுவரை அங்கே ஒன்றுமே இல்லை. அப்புறம் அயோடின். நல்ல தோல் அயோடினைக் குடித்துக் கரும்பழுப்பாகிவிடும். மாறிய இடம் குடிக்காது, கடுகு மஞ்சளாக நிற்கும். வெள்ளைத் திட்டு நின்ற அதே இடம் மஞ்சளாக நின்றது. ஐந்து வருஷமாக எழுத்தில் படித்ததை அன்றைக்குத்தான் கண்ணால் பார்த்தேன். ஒரு மிளகு அகலம் இருக்கும்.

பயாப்சிக்கு மூன்று துணுக்கு எடுத்தார். நண்டு கொடுக்கால் கிள்ளினால் எப்படி, அப்படி மூன்று கிள்ளு. ரத்தம் நிற்க ஒரு பசை தடவுவார்கள். இரண்டு மூன்று நாள் காபித் தூள் மாதிரி கறுப்பாக வரும். யாரும் முன்கூட்டிச் சொல்லாததால் 2021-இல் ராத்திரி பதினொரு மணிக்குக் கழிப்பறையில் அலறினேன். நாப்கின் எடுத்துக்கொண்டு போங்கள். துணைக்கு ஒருவரை அழைத்துப் போங்கள். தொண்டைக் குழியில் அடைத்துக்கொண்டு பஸ்ஸில் தனியாக வருவது பேஜார்.

அங்கே மூன்று கேள்வி கேட்டு, பதிலை நோட்டில் எழுதிக்கொள்ளுங்கள். செல்கள் மாறுகிற இடம், அதாவது இந்தக் கோளாறு தொடங்குகிற இடம், முழுவதும் கண்ணுக்குத் தெரிந்ததா? தெரியவில்லை என்றால் உள்பக்கத்திலிருந்து சுரண்டி எடுத்தீர்களா? ஸ்மியரும் பயாப்சியும் ஒத்துப் போகிறதா? கடைசிக் கேள்வி முக்கியம். ஸ்மியர் ஹெச்சில் என்கிறது, பயாப்சி ஒன்றுமில்லை என்கிறது என்றால் நல்ல செய்தியை எடுத்துக்கொண்டு ஓடிவிடக் கூடாது. கண்ணாடித் துண்டுகளைத் திரும்பப் பார்க்கச் சொல்லலாம். பயாப்சித் துணுக்கை மெழுகுக் கட்டியில் பதித்து லேப் வைத்திருக்கும். அதையும் ஸ்லைடையும் கேட்டு வாங்கி வேறு பெரிய இடத்தில் காட்டலாம். அது உங்கள் உரிமை, யாரும் கோபப்பட வேண்டியதில்லை. சின் இரண்டா இல்லையா என்று இழுபறி வந்தால் 'பி16' என்று ஒரு சாயம் போட்டுப் பார்ப்பார்கள் (ஹெச்.பி.வி. 16 வேறு, இது வேறு). எனக்குப் போட்டார்கள். பாசிட்டிவ். சின் இரண்டு.

"எடுத்துவிடலாம்" என்று சொன்னால்

ஆஸ்க்-ஹெச் வந்த ரிப்போர்ட்டை நான் முதலில் காட்டியது ஒரு நர்சிங் ஹோமில். கோல்போஸ்கோப்பி இல்லை, பயாப்சி இல்லை. காகிதத்தை மேலிருந்து கீழ் வரை ஒரு தடவை பார்த்தார்கள். "குழந்தை பெத்தாச்சு இல்ல? கர்ப்பப்பைய எடுத்துடலாம், நிம்மதி" என்றார்கள். தேதி கூடக் குறித்துக் கொடுத்தார்கள். என் மாமியார் சந்தோஷப்பட்டார்.

ஸ்மியரை மட்டும் வைத்துக்கொண்டு கர்ப்பப்பையை எடுப்பது முறை இல்லை. இதைத் தெளிவாக நினைவில் வையுங்கள். முதலில் பார்க்க வேண்டும், துணுக்கு எடுக்க வேண்டும், பெயர் தெரிய வேண்டும். உள்ளே நிஜமாகவே புற்றுநோய் இருந்து, தெரியாமல் சாதாரணமாக எடுத்துவிட்டால் அது தப்பான ஆபரேஷனாகிவிடும். வெறும் சின் ஒன்று என்றால் தேவையே இல்லாத ஆபரேஷனாகிவிடும். சின் ஒன்றை வழக்கமாகக் காத்திருந்துதான் பார்ப்பார்கள். பலருக்கும் தானே போகும். சின் இரண்டிலும் ஏறக்குறைய பாதி, இரண்டு வருஷத்தில் பின்வாங்கிவிடும். இனிமேல் குழந்தை வேண்டும் என்கிற சின்னப் பெண்களுக்கு அதனால்தான் கவனித்துக்கொண்டே காத்திருப்பது ஒரு வழி. சின் மூன்றில் காத்திருக்கக் கூடாது. கர்ப்பமாக இருந்தால் மட்டும் விலக்கு. பல வருஷம் அப்படியே விட்டால் மூன்றில் ஒருவருக்குப் புற்றுநோயாகும்.

வைத்தியம் என்பது பெரும்பாலும் 'லீப்': மெல்லிய கம்பி வளையத்தில் மின்சாரம் பாய்ச்சி அந்தத் திட்டை மட்டும் ஓடு மாதிரி சீவி எடுப்பது. ஜனவரி 2024-இல் எனக்கு ஒரு அரசு மருத்துவமனையில் செய்தார்கள். மரத்துப்போக ஊசி, கால் மணி நேரம், லேசாகக் கருகிய வாசனை. சாயங்காலம் வீட்டுக்கு வந்து ரசம் சோறு சாப்பிட்டேன். நாலு வாரம் உடலுறவு கூடாது, தண்ணிக் குடம் தூக்கக் கூடாது. எங்கள் தெருவில் லாரித் தண்ணி வரும் நாளில் இரண்டாவதுதான் பெரிய பிரச்சினை. நாப்கின் நனைந்து நனைந்து மாற்றும்படி ரத்தம், காய்ச்சல், துர்வாடை என்றால் உடனே போக வேண்டும். இன்னும் குழந்தை பெற இருப்பவர்கள், குறைமாதப் பிரசவத்துக்கான வாய்ப்பு கொஞ்சம் கூடும் என்பதை முன்கூட்டியே பேசிக்கொள்ளுங்கள்.

சீவி எடுத்ததில் சில இடம் சின் மூன்றாகவே இருந்தது. ஓரம் சுத்தம் என்று எழுதியிருந்தார்கள். 'மார்ஜின்' என்ற வார்த்தையைத் தேடிப் படியுங்கள். ஓரத்தில் இன்னும் மிச்சம் இருந்தால் பின்னால் கூர்ந்து கவனிக்க வேண்டும். ஜூலை 2024-இல் ஹெச்.பி.வி. 'நாட் டிடெக்டட்'. 2025-இலும் அதே. அத்தோடு முடியாது. மூன்று வருஷம் வருஷா வருஷம், அப்புறம் மூன்று வருஷத்துக்கு ஒரு முறை, குறைந்தது 25 வருஷம் பார்க்க வேண்டும். கர்ப்பப்பையே எடுத்திருந்தாலும், சின் இரண்டு மூன்றுக்காக எடுத்தது என்றால் பிறப்புறுப்பின் மேல்முனையைத் தொடர்ந்து பார்க்கத்தான் வேண்டும். 'எடுத்தால் நிம்மதி' என்று சொல்கிறவர்கள் இதைச் சொல்வதில்லை.

எங்கே போவது என்று கேட்பவர்களுக்கு: ஸ்கிரீனிங் மட்டும் என்றால் பக்கத்து சுகாதார நிலையம் போதும். அதற்கு மேலே வடசென்னைக்காரர்களுக்கு ராயபுரம் ஆர்.எஸ்.ஆர்.எம்.; ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியோடு சேர்ந்த பிரசவ ஆஸ்பத்திரி. எழும்பூர் மகப்பேறு மருத்துவமனை, 1954-இல் முத்துலட்சுமி ரெட்டி அம்மையார் தொடங்கிய அடையாறு கேன்சர் இன்ஸ்டிட்யூட் எல்லாம் நம் ஊரிலேயே இருக்கின்றன. ஓ.பி. சீட்டு போடும்போது 'ஸ்மியர் அப்நார்மல், கோல்போஸ்கோப்பிக்கு வந்திருக்கிறேன்' என்று வாயைத் திறந்து சொல்லுங்கள். 'வயித்து வலி' என்று சொன்னால் வேறு வரிசையில் நிற்க வேண்டி வரும்.

வீட்டில்

இது பாலுறவால் பரவும் வைரஸ் என்று தெரிந்த அன்று என் வீட்டில் இரண்டு நாள் யாரும் யாரோடும் பேசவில்லை. வீட்டுக்காரர் என்னைப் பார்க்கிறார், நான் அவரைப் பார்க்கிறேன். மூன்றாம் நாள் டாக்டரிடமே கேட்டேன். வைரஸ் பல வருஷம் சத்தமில்லாமல் பதுங்கி இருக்கும், எப்போது வந்தது, யாரிடமிருந்து வந்தது என்று எந்த டெஸ்டும் சொல்லாது, ஹெச்.பி.வி. பாசிட்டிவ் என்பது யார் மீதும் சாட்சி இல்லை என்றார். அதை வீட்டுக்காரரையும் உட்கார வைத்துச் சொல்லச் சொன்னேன். ஆண்களுக்கு இதற்கென்று வழக்கமான ஸ்கிரீனிங் டெஸ்ட் கிடையாது, அவருக்கு மாத்திரையும் கிடையாது. தடுப்பூசி ஏற்கெனவே இருக்கிற வைரஸை விரட்டாது. அது வராமல் தடுக்கத்தான். என் பெண்ணுக்குப் போட்டாகிவிட்டது. சீரம் இன்ஸ்டிட்யூட்டின் செர்வாவாக், நம் நாட்டிலேயே செய்தது.

இன்னொன்று. நோட்டில் எல்லாம் நில்ம் என்றே இருந்தாலும், உடலுறவுக்குப் பின் ரத்தம், மாதவிலக்கு நின்ற பின் ரத்தம், நாற்றத்தோடு வெள்ளைப்படுதல் என்றால் அடுத்த டெஸ்ட் தேதிக்குக் காத்திருக்க வேண்டாம். ஸ்கிரீனிங் என்பது தொந்தரவு இல்லாதவர்களுக்கு.

அக்கா பத்து நாள் கழித்து நாலாவது காகிதத்தோடு வந்தார். ஹெச்.பி.வி. நாட் டிடெக்டட். ஸ்மியர், க்ரீம் முடிந்த பிறகு எடுப்பார்களாம். தரையில் உட்கார்ந்து நோட்டைத் திறந்து, தானே தேதி எழுதினார். 'என்ன செய்தார்கள்' கட்டத்தில் க்ரீமின் பெயரையும் எழுதினார். கேஸ் புத்தகத்தைத் தனியாக எடுத்து என்னிடம் கொடுத்து, "இத இனிமே இந்தக் கவர்ல வெக்கல மா" என்றார்.